5' அமீன் வைத்த 25 நியூக்ளியோடைடு டிஎன்ஏ இழையில் 53 டால்டன் கூடுதல் நிறை: எந்தப் படியில் ஒட்டுகிறது?

இழைக்காரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 25 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றை இழை டிஎன்ஏ ஒன்றைத் திண்ம நிலை முறையில் தொகுத்து வருகிறேன். 500 ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள கண்ணாடித் தாங்கி, 1 மைக்ரோமோல் அளவு, வழக்கமான அமிடைட்டுகள் (இழையில் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் நியூக்ளியோடைடுக் கட்டுமானப் பொருள்கள்); அடினினிலும் சைட்டோசினிலும் பென்சாயில், குவானினில் ஐசோபியூட்டிரில் காப்புத் தொகுதிகள் (வேண்டாத இடத்தில் வினை நடக்காமல் தற்காலிகமாக மூடி வைப்பவை). இழை 3' முனையிலிருந்து 5' முனை நோக்கி வளர்ந்து முடிந்ததும், கடைசிச் சுற்றில் ஆறு கார்பன் சங்கிலியுடைய அமீன் அமிடைட்டைச் சேர்க்கிறேன். அதன் அமீன் ட்ரைஃப்ளூரோஅசிட்டைல் தொகுதியால் காக்கப்பட்ட வகை. பிறகு தாங்கியை அப்படியே 1 மில்லிலிட்டர் அடர் அமோனியாவில் இட்டு, மூடிய குப்பியில் 55 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் வைக்கிறேன். காலையில் அமோனியாவை ஆவியாக்கிவிட்டு, எஞ்சியதை பைகார்பனேட் கரைசலில் கரைத்து, சை5 என்ற நீல நிற ஒளிர்சாயத்தின் என்ஹெச்எஸ் எஸ்டருடன் (அமீனோடு பிணையும் வடிவம்) வினைபுரிய விடுகிறேன்.

சிக்கல் இரண்டு இடத்தில் தெரிகிறது. சாயம் சேர்ப்பதற்கு முன் எடுத்த நிறை நிறமாலையில், எதிர்பார்த்த நிறைக்குரிய முகட்டோடு, அதைவிட 53 டால்டன் கூடுதலான இன்னொரு முகடும் வருகிறது; உயரத்தில் முதல் முகட்டின் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அடுத்து, சாயத்தை மிகையாகச் சேர்த்தும் இழைகளில் பாதிகூடச் சாயம் ஏற்பதில்லை. இணைப்பு விளைச்சலைக் காட்டும் ட்ரைட்டில் அளவீடோ ஒவ்வொரு சுற்றிலும் 99 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. ஆய்வகத்தில் மூத்தவர்கள், இணைப்பு வினை சரியில்லை, புதிய அமிடைட் புட்டியைத் திறந்து மறுபடி செய் என்கிறார்கள். இணைப்பில்தான் குறை என்றால் நிறை குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இத்துடன் இரண்டு துணைக் கேள்விகள். அமீனை விட்டுவிட்டு, சை5 அமிடைட்டையே கருவியில் நேரடியாக இணைப்பது மேலானதா? அடுத்த கட்டமாக, இழையை முனையிலிருந்து அரிக்கும் எக்சோநியூக்ளியேஸ் நொதிகளிடமிருந்து காக்க 3' முனையில் இரண்டு பாஸ்போரோதயோயேட் இணைப்புகள் (பாஸ்பேட்டின் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் உள்ளவை) வைக்க வேண்டியிருக்கிறது. அதற்காக இதே நெறிமுறையில் எதையாவது மாற்ற வேண்டுமா?

---

தாங்கி500 எழுதியது:

மூத்தவர்கள் சொல்வதை முழுவதும் தள்ளிவிட வேண்டாம். ஆனால் 53 டால்டனுக்கு அது விடையாகாது என்பதில் உங்கள் ஐயம் சரியானது.

ட்ரைட்டில் அளவீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அமிலம் பட்டு டைமெத்தாக்ஸிட்ரைட்டில் தொகுதி விடுபடும்போது ஓடிவரும் ஆரஞ்சு நிறத்தை 495 நானோமீட்டர் அருகே அளக்கிறோம். முந்தைய சுற்றில் எத்தனை இழைகள் புதிய நியூக்ளியோடைடை ஏற்றன என்பதற்கு அதுவே கணக்கு. 24 இணைப்புகளுக்கு, சுற்றுக்கு 99 சதவீதம் என்றால் முழு நீள இழை ஏறத்தாழ 79 சதவீதம் கிடைக்கும். 98 சதவீதம் என்றால் 62க்கு இறங்கிவிடும். உங்கள் எண்கள் இந்த மட்டில் நல்லவை. ஆனால் நீங்கள் கடைசியில் சேர்க்கும் அமீன் அமிடைட்டில் ட்ரைட்டில் தொகுதியே கிடையாது. அந்த ஒரு சுற்று எப்படிப் போனது என்பதைக் கருவி உங்களுக்குச் சொல்லவே முடியாது. அது தவறியிருந்தால், எதிர்பார்த்த நிறையைவிட 179 டால்டன் குறைவான இடத்தில் வெறும் 25 நியூக்ளியோடைடு இழை தெரிய வேண்டும். நிறமாலையின் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கு எதுவும் இல்லையென்றால் இணைப்பைப் பற்றிய பேச்சை நிறுத்திவிடலாம். இருந்தால், அமிடைட்டைக் கரைத்த அசிட்டோநைட்ரைலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிச் சுற்றின் இணைப்பு நேரத்தையும் நீட்டுங்கள்.

இன்னொன்றையும் கழித்துவிடுவது நல்லது. சோடியம் ஒட்டினால் 22, பொட்டாசியம் ஒட்டினால் 38 கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று ஹைட்ரஜன்களின் இடத்தில் ஒரு இரும்பு அயனி அமர்ந்தால் கூடுவது 52.8 என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எட்டாயிரம் டால்டன் அருகேயுள்ள ஒரு இழையில் 52.8ஐயும் 53.1ஐயும் எல்லாக் கருவிகளும் பிரித்துக் காட்டிவிடாது. உப்பு நீக்கி, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இடிடிஏ சிறிது சேர்த்து, மாதிரியை மறுபடி ஓட்டுங்கள். முகடு கரைந்தால் அது உலோகம். அசையாமல் நின்றால் வேதிப் பிணைப்பாக ஒட்டிய ஒன்று.

---

அமிடைட்வாசி எழுதியது:

உலோகமாக இருக்கலாம் என்ற தாங்கி500 அவர்களின் எச்சரிக்கை நியாயமானதே. இருந்தாலும், ட்ரைஃப்ளூரோஅசிட்டைல் அமீன், தாங்கியை நேராகச் சூடான அமோனியாவில் இடுதல், சாயம் குறைவாக ஏறுதல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வரும்போது, முதலில் சந்தேகிக்க வேண்டியது அக்ரிலோநைட்ரைலைத்தான். அதன் மூலக்கூறு நிறை 53.06.

அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வளரும் இழையின் ஒவ்வொரு பாஸ்பேட்டின் மேலும் ஒரு சயனோஎத்தில் தொகுதி இருக்கிறது. காரம் பட்டதும் அது அக்ரிலோநைட்ரைலாக உடைந்து விலகுகிறது. உங்கள் இழையில் 24 உள் இணைப்புகளோடு அமீனைத் தாங்கும் பாஸ்பேட்டையும் சேர்த்தால் 25 பாஸ்பேட்டுகள். ஆக, ஒரு இழைக்கு 25 அக்ரிலோநைட்ரைல் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. 1 மைக்ரோமோல் இழையை 1 மில்லிலிட்டர் அமோனியாவில் இட்டிருக்கிறீர்கள் என்றால், குப்பிக்குள் அக்ரிலோநைட்ரைலின் செறிவு 25 மில்லிமோலாரை எட்டுகிறது. உங்கள் அமீனின் செறிவோ 1 மில்லிமோலார். சயனோஎத்திலும் ட்ரைஃப்ளூரோஅசிட்டைலும் அமோனியாவில் விரைவாகவே விழுந்துவிடும். பென்சாயிலும் ஐசோபியூட்டிரிலும் விழத்தான் மணிக்கணக்கில் ஆகும். அந்த மணிக்கணக்கு முழுவதும், காப்பு இழந்த முதன்மை அமீனும் தன்னைவிடப் பல மடங்கு மிகையான அக்ரிலோநைட்ரைலும் மூடிய குப்பிக்குள் சூட்டில் ஒன்றாக இருக்கின்றன. அமீன் அதன் இரட்டைப் பிணைப்பைத் தாக்கிச் சயனோஎத்தில் அமீனாக மாறிவிடுகிறது. அதன்பின் என்ஹெச்எஸ் எஸ்டருக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. தைமினின் 3ஆம் நைட்ரஜனும் இதேபோல் தாக்கக்கூடியதே, ஆனால் அமீன் அளவுக்கு அல்ல.

கரைசலில் உள்ள அமோனியாவும் அக்ரிலோநைட்ரைலைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. அதனால்தான், சிறிய அளவில் செய்து தாராளமாக அமோனியா ஊற்றுபவர்களுக்கு இந்த முகடு கண்ணில் படுவதே இல்லை. தொகுப்பின் அளவைக் கூட்டிவிட்டு அமோனியாவின் அளவைக் கூட்டாதவர்கள் இதைத் தவறாமல் சந்திக்கிறார்கள்.

தீர்வு எளிது. கடைசிச் சுற்று முடிந்ததும், இழை இன்னும் தாங்கியில் இருக்கும்போதே, அசிட்டோநைட்ரைலில் கரைத்த 10 சதவீத டைஎத்திலமீனைக் குழல் வழியாக ஐந்து நிமிடம் மெதுவாகச் செலுத்துங்கள்; பிறகு வெறும் அசிட்டோநைட்ரைலால் நன்கு கழுவி, அதன் பின்னரே அமோனியாவுக்குப் போங்கள். டைஎத்திலமீன் சயனோஎத்திலை மட்டும் நீக்கும்; இழையைத் தாங்கியோடு கட்டியிருக்கும் சக்சினைல் எஸ்டரை அந்தச் சிறிது நேரத்தில் அது அறுக்காது. விடுபடும் அக்ரிலோநைட்ரைல் கழுவலோடு வெளியேறிவிடும். ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரைசலைக் குழலுக்குள் தேக்கி வைத்தால், வெளியேற வேண்டியது உள்ளேயே தங்கும்.

இன்னொரு வழி, மோனோமெத்தாக்ஸிட்ரைட்டில் காப்புடைய அமீன் அமிடைட்டை வாங்குவது. அந்தக் காப்பு அமோனியாவில் விழாது என்பதால், சூட்டில் இருக்கும் நேரம் முழுவதும் அமீன் மூடியே இருக்கும். நீர்வெறுப்புள்ள அந்தத் தொகுதியைப் பிடிமானமாகக் கொண்டு ஹெச்பிஎல்சியில் (உயர் அழுத்தத் திரவ நிறப்பிரிகை) தூய்மைப்படுத்தவும் வசதி. பின்னர் அமிலத்தால் அதை நீக்கும்போது, விடுபட்ட ட்ரைட்டில் அயனி மறுபடி அமீனிலேயே வந்து ஒட்டும் போக்கு உண்டு என்பது மட்டும் தொல்லை. என் விருப்பம் டைஎத்திலமீன்தான். அமீன் இல்லாத இழைகளுக்குக்கூட அதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். இழப்பது ஐந்து நிமிடம்.

இவ்வளவு தொல்லை தரும் சயனோஎத்தில் எதற்கு என்று தோன்றலாம். 1981இல் பூகேஜும் கரூதர்ஸும் கொலராடோவில் அமிடைட் முறையை வெளியிட்டபோது, பாஸ்பரஸின் மேல் இருந்தது மெத்தில் தொகுதி. அதை நீக்கத் தயோஃபீனால் தேவைப்பட்டது; அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் அக்ரிலோநைட்ரைலை மன்னித்துவிடுவார்கள். 1984இல் சின்ஹா, கோஸ்டர் குழுவினர் சயனோஎத்திலைக் கொண்டுவந்த பிறகு, எல்லாக் காப்புகளையும் அமோனியா ஒன்றாலேயே நீக்க முடிந்தது. அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்த 53.

ஒட்டியிருப்பது அமீனிலா தைமினிலா என்று அறிய, சாயம் ஏறிய இழையையும் ஏறாத இழையையும் ஹெச்பிஎல்சியில் பிரித்துத் தனித்தனியே நிறை பாருங்கள். தைமினில் ஒட்டியிருந்தால் அமீன் வெறுமையாகவே இருக்கும். அந்த இழை சாயம் ஏற்று, சாயமேறிய பகுதியிலும் 53 கூடுதலோடு தெரியும். அமீனில் ஒட்டியிருந்தால் சாயமேறிய பகுதி துப்புரவாக இருக்கும்.

---

இழைக்காரி எழுதியது:

இருவருக்கும் நன்றி. 179 குறைவான இடத்தில் குறிப்பிடத்தக்க முகடு எதுவும் இல்லை. இடிடிஏ சேர்த்து உப்பு நீக்கிய பிறகும் 53 அப்படியே நிற்கிறது. ஹெச்பிஎல்சியில் பிரித்துப் பார்த்ததில், சாயமேறிய பகுதியின் நிறை எதிர்பார்த்தபடியே இருக்கிறது, 53 கூடுதல் அங்கே இல்லை. எனவே ஒட்டியிருப்பது அமீனில்தான் என்று கொள்கிறேன்.

ஆனால் சாயமேறாத பகுதியில் 53 கூடுதலான இழை மட்டும் இல்லை. எதிர்பார்த்த நிறையுள்ள, அதாவது அமீன் நல்ல நிலையில் இருக்கும் இழையும் அங்கே கிடக்கிறது. அதன் முகடுதான் சற்று உயரமாகவும் இருக்கிறது. அக்ரிலோநைட்ரைல் ஒன்றே காரணமென்றால், இந்த இழைகள் ஏன் சாயத்தை ஏற்கவில்லை?

---

நீலச்சாயம் எழுதியது:

இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. டைஎத்திலமீன் கழுவலோடு நிறுத்தியிருந்தால் அடுத்த முறையும் விளைச்சல் ஏமாற்றியிருக்கும். முதல் பதிவில், அமோனியாவை ஆவியாக்கிவிட்டு எஞ்சியதை நேராக பைகார்பனேட்டில் கரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆவியாகிப் போவது அமோனியா வாயு மட்டுமே. இழையின் ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் எதிர் அயனியாக அமோனியம் தங்கிவிடுகிறது. இழைக்கு 25 அமோனியம் அயனிகள். பிஹெச் 8.5 அருகில் அவற்றில் ஒரு பங்கு அமோனியாவாக மாறி, உங்கள் ஒற்றை அமீனோடு போட்டியிட்டுச் சாயத்தைத் தின்கிறது. காப்பு நீக்கத்தில் விளைந்த பென்சமைடு, ஐசோபியூட்டிரமைடு ஆகியவையும் அந்த எச்சத்தில்தான் இருக்கின்றன. அவை தீங்கற்றவை, ஆனால் பென்சமைடு 260 நானோமீட்டர் அளவீட்டைப் பொய்யாக்கி, இழை இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதாகக் காட்டும். ட்ரிஸ் கலந்த கரைசல் எதையாவது இடையில் பயன்படுத்தினால் அதுவும் ஒரு முதன்மை அமீன் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே சாயத்துக்கு முன் இழையைச் சோடியம் உப்பாக மாற்றுங்கள். சோடியம் குளோரைடோ சோடியம் அசிட்டேட்டோ சேர்த்துக் குளிர்ந்த எத்தனாலில் வீழ்படிவாக்கி, 70 சதவீத எத்தனாலால் கழுவி, உலர்த்தினால் போதும். பிறகு 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட், பிஹெச் 8.3 முதல் 8.5 வரை. புட்டியைத் திறந்து பல நாள் ஆன பைகார்பனேட்டின் பிஹெச் தானாகவே ஏறியிருக்கும், அன்றைக்கே கரையுங்கள். பிஹெச் ஏற ஏற எஸ்டர் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும், இறங்கினால் அமீன் புரோட்டானை ஏற்று முடங்கிவிடும். இடையில் உள்ள இந்தக் குறுகிய வெளியில்தான் வினை நடக்கிறது. சாயத்தை ஈரமற்ற டைமெத்தில் சல்ஃபாக்சைடில் அப்போதே கரைத்து, இரண்டு தவணையாகச் சேர்ப்பது ஒரே முறையில் கொட்டுவதைவிட நல்லது. கையில் இருக்கும் பழைய தொகுப்பையும் எறிய வேண்டாம். சாயமேறாத பகுதியை வீழ்படிவாக்கி மறுபடி சாயமிட்டால் நல்ல அமீன் உள்ள இழைகள் ஏற்கும். 53 ஒட்டியவை வெறுமையாக நின்று, நீர்வெறுப்புள்ள சாய இழையிலிருந்து ஹெச்பிஎல்சியில் தெளிவாகப் பிரிந்துவிடும்.

சை5 அமிடைட்டை நேரடியாக இணைக்கலாமா என்று கேட்டீர்கள். இணைக்கலாம், ஆனால் காப்பு நீக்கம் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். சை5இன் நீண்ட ஒன்றுவிட்ட இரட்டைப் பிணைப்புச் சங்கிலியைச் சூடான அமோனியா தாக்கும். அமோனியாவும் மெத்திலமீனும் கலந்து 65 டிகிரியில் பத்தே நிமிடத்தில் வேலையை முடிக்கும் விரைவுக் கலவை அதைவிடக் கொடியது. குப்பியைத் திறக்கும்போது நீலம் வெளிறியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே அடினினில் ஃபீனாக்ஸிஅசிட்டைல், குவானினில் ஐசோபுரோப்பைல்ஃபீனாக்ஸிஅசிட்டைல், சைட்டோசினில் அசிட்டைல் என்று மென்காப்பு அமிடைட்டுகளை இழை முழுவதற்கும் வாங்கி, மெத்தனாலில் 0.05 மோலார் பொட்டாசியம் கார்பனேட் கொண்டு அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்தில் காப்பு நீக்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் வளராத இழைகளை மூட வழக்கமான அசிட்டிக் அன்ஹைட்ரைடையே பயன்படுத்தினால், குவானினின் மென்காப்பு போய் அந்த இடத்தில் அசிட்டைல் அமர்ந்துவிடும். நான்கு மணி நேரத்தில் அது விழாமல் 42 டால்டன் கூடுதலாக நிறமாலையில் வந்து நிற்கும். மூடும் கரைசலையும் ஃபீனாக்ஸிஅசிட்டிக் அன்ஹைட்ரைடாக மாற்றினால்தான் கணக்கு நேராகும்.

ஒரே இழையைத் திரும்பத் திரும்பத் தொகுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஏற்பாடு பயனுள்ளது. ஒரு இழையில் பல சாயங்களை மாற்றி மாற்றிச் சோதிப்பவருக்கு அமீன் வழியே மலிவு.

---

தாங்கி500 எழுதியது:

பாஸ்போரோதயோயேட் கேள்வி விடுபட்டுப்போனதால் அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

அந்த இரண்டு சுற்றுகளில் வழக்கமான ஆக்சிஜனேற்றியான அயோடினுக்குப் பதில் கந்தகமேற்றி வேண்டும். பூகேஜ் வினைப்பொருள் விரைவானது (மேலே சொன்ன அதே பூகேஜ்தான்), ஆனால் கரைசலில் நெடுநாள் தாங்காது. சிலனேற்றம் செய்த கண்ணாடிப் புட்டியில் வைக்க வேண்டும். கருவியில் பல நாள் மாட்டிவைக்க டிடிடிடி என்ற இன்னொரு கந்தகமேற்றி நல்லது. படிகளின் வரிசையையும் மாற்றுங்கள்: வழக்கமான சுற்றில் மூடுதல் முதலிலும் ஆக்சிஜனேற்றம் பின்னரும் வரும்; இங்கே கந்தகமேற்றம் முதலில், மூடுதல் பின்னர். மூன்று பிணைப்போடு நிற்கும் பாஸ்பரஸை மூடும் கரைசலில் நனைத்தால், கந்தகம் வருவதற்குள் ஆக்சிஜன் புகுந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது.

உங்கள் தயோயேட்டுகள் 3' முனையில் இருப்பதால் அவை இழையில் முதலில் உருவாகி, மீதமுள்ள எல்லாச் சுற்றுகளிலும் அயோடினைச் சந்திக்கும். 0.02 மோலார் அயோடினைப் பயன்படுத்துங்கள், 0.1 மோலார் வேண்டாம். கந்தகம் போய் ஆக்சிஜன் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 16 டால்டன் குறையும். டைஎத்திலமீன் கழுவலுக்குப் பிறகு நீங்கள் முதலில் தேட வேண்டிய முகடு அதுதான்.

ஹெச்பிஎல்சியில் முகடு அகலமாகவோ பிளவுபட்டோ வந்தால் உடனே கலங்க வேண்டாம். தயோயேட் பாஸ்பரஸ் ஒவ்வொன்றும் இரண்டு இடவமைப்புகளில் அமையக்கூடியது என்பதால், இரண்டு இணைப்புகளுக்கு நான்கு வடிவங்கள் கலந்தே கிடைக்கும். நான்கின் நிறையும் ஒன்றே. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சன் 18 நியூக்ளியோடைடு இழை. அதன் 17 இணைப்புகளும் தயோயேட், அதாவது 1,31,072 வடிவங்களின் கலவை. அந்தக் கலவையையே மருந்தாகத் தருகிறார்கள் என்பதால், உங்கள் நான்கைப் பிரிக்க முயல வேண்டாம். பிளவுபட்ட முகட்டின் எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகச் சேகரித்து நிறை பாருங்கள். 16 குறைவான முகடு சிறிதாக இருந்தால் இழையைப் பயன்படுத்தலாம்.